நான்கு எழுத்துக்குள் அடங்காத டி.என்.ஏ: பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ உயிரியல் மாணவர்கள் முதல் ஆய்வகத்தில் பைபெட் பிடிப்பவர்கள் வரை பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் இரண்டு வரியில் முடிந்துவிடும். சிலவற்றில் எனக்கே ஆசை அதிகம் என்பதால் பேச்சு நீளும். டி4 என்ற ஒரு வைரஸ் அடிக்கடி தலைகாட்டும். அதன் மேல் எனக்குள்ள பாசத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஜ் என்றால் என்ன?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். முழுப்பெயர் பாக்டீரியோஃபேஜ். 1915இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ட்வார்ட்டும், 1917இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் டெரெல்லும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 'பாக்டீரியா தின்னி' என்ற பொருளில் பெயர் வைத்தவர் டெரெல். உண்மையில் ஃபேஜ் எதையும் தின்பதில்லை. பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் டி.என்.ஏவை உள்ளே செலுத்துகிறது. அந்தச் செல்லின் சரக்கையும் கருவிகளையும் கொண்டே தன்னைப் படியெடுத்துக்கொண்டு, கடைசியில் செல்லை உடைத்து வெளியேறுகிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4க்கு, 37 டிகிரி வெப்பத்தில், இவ்வளவும் செய்து முடிக்கச் சுமார் அரை மணி நேரம் போதும். ஒரு செல்லில் நுழைந்தது ஒன்று என்றால் வெளியே வருவது நூறு, இருநூறு.

கங்கை நீர் கெடாமல் இருப்பதற்கு ஃபேஜ்தான் காரணமாமே?

1896இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலரா கிருமிகள் விரைவில் இறப்பதாக எழுதினார். ஃபேஜ் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு அது. பிறகு வந்தவர்கள் அதை ஃபேஜ் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஹான்கின் தந்த விவரங்களை மீண்டும் படித்த ஆய்வாளர்கள் சிலர், அவர் கண்டது ஃபேஜின் வேலைதானா என்று ஐயப்பட்டிருக்கிறார்கள். ஆற்று நீரில் ஃபேஜ்கள் ஏராளம் உண்டு என்பது உண்மை. அதற்காக அந்த நீரை அப்படியே குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிக்சியை வைத்துச் செய்த சோதனை என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது என்ன?

1952இல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் செய்த சோதனை. ஃபேஜில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே பொருள்கள்: வெளியே புரத ஓடு, உள்ளே டி.என்.ஏ. இவற்றில் எது பாக்டீரியாவுக்குள் போய் அடுத்த தலைமுறையை உருவாக்குகிறது என்பதே கேள்வி.

வேதியியல்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. டி.என்.ஏவின் முதுகெலும்பு முழுவதும் பாஸ்பேட். ஆகவே அதில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களின் வழியாகக் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். எனவே டி4இன் நெருங்கிய உறவான டி2 ஃபேஜை எடுத்து, ஒரு தொகுதிக்குக் கதிரியக்க பாஸ்பரஸ்-32, இன்னொரு தொகுதிக்குக் கந்தகம்-35 என்று அடையாளமிட்டார்கள். பாக்டீரியாவில் ஒட்டவிட்டு, சற்றுப் பொறுத்து, சமையலறை மிக்சி போன்ற ஒரு கருவியில் போட்டுச் சுழற்றினார்கள். வெளியே ஒட்டியிருந்த ஓடுகள் பிய்ந்து வந்தன. கந்தகத்தில் பெரும்பகுதி ஓடுகளோடு வெளியே நின்றது; பாஸ்பரஸில் பெரும்பகுதி பாக்டீரியாவுக்குள் போயிருந்தது. பிறந்த குஞ்சு ஃபேஜ்களில் பழைய பாஸ்பரஸ் கணிசமாக இருந்தது. பழைய கந்தகம் ஏறக்குறைய இல்லை.

மரபுப் பொருள் டி.என்.ஏதான் என்று 1944இலேயே ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் நிமோனியா பாக்டீரியாவை வைத்துக் காட்டியிருந்தார்கள். பலர் அப்போது நம்பவில்லை. மிக்சிக்குப் பிறகுதான் நம்பினார்கள். ஹெர்ஷிக்கு 1969இல் நோபல் பரிசு கிடைத்தது, டெல்புரூக், லூரியா ஆகியோருடன். மார்த்தா சேஸின் பெயர் அதில் இல்லை.

அப்படியானால் ஃபேஜின் டி.என்.ஏவும் நம்முடையதும் ஒரே பொருள்தானே? அடினின், தைமின், குவானின், சைட்டோசின்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஹெர்ஷியும் சேஸும் மிக்சியைச் சுழற்றிய அதே 1952இல், வயட், கோஹன் என்ற இருவர் அதே வகை ஃபேஜ்களின் டி.என்.ஏவைப் பிரித்துப் பார்த்தார்கள். டி2, டி4, டி6 மூன்றிலும் சைட்டோசின் இல்லவே இல்லை. அதன் இடத்தில் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசின் என்ற, சற்றே மாறிய ஒரு காரம் உட்கார்ந்திருந்தது (டி.என்.ஏவின் எழுத்துக்கு வேதியியலில் காரம் என்று பெயர்). மரபுப் பொருள் டி.என்.ஏ என்று உலகை நம்பவைத்த ஃபேஜின் டி.என்.ஏவிலேயே பாடப்புத்தகத்தின் நான்கு எழுத்துகளில் ஒன்று காணாமல் போயிருந்தது! பள்ளிப் பாடத்தில் மிக்சி சோதனை இருக்கும். இந்தச் செய்தி இருக்காது.

மாற்றம் எங்கே என்று பார்ப்போம். சைட்டோசின் வளையத்தின் ஐந்தாம் கார்பனில் வழக்கமாக ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே இருக்கும். டி4இல் அங்கே ஒரு கார்பன், அதன் நுனியில் ஹைட்ராக்சில் என்று ஒரு சிறு கொக்கி தொங்குகிறது. கதை அதோடு முடியவில்லை. அந்தக் கொக்கியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு மாட்டப்பட்டிருக்கிறது. ஆம், நாம் அறிந்த அதே சர்க்கரைதான். டி4இல் ஒரு கொக்கிகூடக் காலியாக இருப்பதில்லை. ஏறத்தாழ 70 சதவீதக் கொக்கிகளில் குளுக்கோஸ் ஆல்ஃபா முறையிலும், மீதியில் பீட்டா முறையிலும் பிணைந்திருக்கிறது. அதன் உறவுக்காரனான டி2இல் சுமார் கால்வாசிக் கொக்கிகள் காலி.

இவ்வளவு மாற்றினால் இரட்டைச் சுருள் குலையாதா?

குலையாது. குவானினோடு கைகோக்கும் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளும் வளையத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கின்றன. ஐந்தாம் கார்பன் திரும்பியிருப்பது சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் பெரிய பள்ளத்தை நோக்கி. ஆக, எழுத்தின் பொருள் மாறவில்லை; படியெடுக்கும் நொதி அதைச் சைட்டோசினாகவே படிக்கிறது. குவானின் எவ்வளவோ அவ்வளவு ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசின் என்ற கணக்கும் சரியாக வந்தது. ஆனால் பெரிய பள்ளத்தில் விரல் விட்டுத் தடவி எழுத்தை அறிபவர்களுக்கு, அங்கே சர்க்கரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

யார் அப்படித் தடவிப் பார்க்கிறார்கள்?

பாக்டீரியாவின் வெட்டு நொதிகள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு எழுத்து நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட வரிசையைத் தேடிப்பிடித்து அந்த இடத்தில் டி.என்.ஏவை வெட்டும் கத்திரிகள் இவை. பாக்டீரியா தன் சொந்த டி.என்.ஏவில் அதே வரிசை வரும் இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியைப் பொட்டாக வைத்துக்கொள்ளும். பொட்டு இருந்தால் கத்திரி தொடாது. பொட்டில்லாமல் வருவது அந்நியன், வெட்டு. 1962இல் ஜெனீவாவில் வெர்னர் ஆர்பர், ஈ.கோலையைத் தாக்கும் லாம்டா என்ற இன்னொரு ஃபேஜை வைத்து இதை விளக்கினார். 1970இல் ஹாமில்டன் ஸ்மித் அப்படி ஒரு கத்திரியைப் பிரித்தெடுத்தார். டேனியல் நேத்தன்ஸையும் சேர்த்து மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு. இன்றைய மரபணுப் பொறியியல் முழுவதும் இந்தக் கத்திரிகளின் மேல் எழுந்ததுதான்.

டி4 இந்தக் கத்திரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிடிகொடுப்பதில்லை. காரணம் அந்தச் சர்க்கரைப் போர்வை.

சரி, ஈ.கோலைக்குள் எங்கு பார்த்தாலும் சாதாரண சைட்டோசின்தானே இருக்கும்? புது ஃபேஜுக்கு மாறிய காரம் எப்படிக் கிடைக்கிறது?

டி4இன் குயுக்தியை இதில்தான் பார்க்க வேண்டும். டி.என்.ஏ உள்ளே நுழைந்த ஓரிரு நிமிடங்களில் ஃபேஜின் முதல் கட்ட மரபணுக்கள் வேலைக்கு இறங்குகின்றன. அவை உருவாக்கும் ஒரு நொதி, செல்லில் கையிருப்பாக உள்ள சைட்டோசின் மூலப்பொருளை, அதாவது மூன்று பாஸ்பேட்டோடு தயார் நிலையில் இருப்பதை, ஒரே பாஸ்பேட் உள்ளதாகக் கீழிறக்கிவிடுகிறது. கடைச்சரக்கை எல்லாம் திரும்பக் கிடங்குக்கு அனுப்புவதுபோல. இரண்டாவது நொதி அந்த ஒற்றைப் பாஸ்பேட் வடிவத்தில் கொக்கியை மாட்டுகிறது. மூன்றாவது நொதி பாஸ்பேட்டைத் திரும்ப ஏற்றுவதில் பங்கெடுக்கிறது. அதன்பிறகே டி.என்.ஏ கட்டும் நொதிக்குச் சரக்குப் போகிறது. இழை கட்டி முடித்தபின் கொக்கிகளில் குளுக்கோஸ் மாட்டுவது இன்னும் இரண்டு நொதிகளின் வேலை.

அதே சமயம் ஃபேஜின் வேறு நொதிகள் பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏவை வெட்டித் துண்டாக்குகின்றன. எதை வெட்டுவது என்று எப்படித் தெரிகிறது? சைட்டோசின் இருந்தால் வெட்டு. ஆல்க் என்ற இன்னொரு புரதம், சைட்டோசின் உள்ள டி.என்.ஏவை ஆர்.என்.ஏவாகப் படியெடுப்பதையே தடுத்துவிடுகிறது. நமக்கு உயிர் தரும் நான்கெழுத்தில் ஒன்று, டி4 பார்வையில் எதிரியின் அடையாள அட்டை. பாக்டீரியா செய்யும் 'பொட்டு பார்த்து வெட்டு' தந்திரத்தையே திருப்பிப் போட்டு அதன் தலையில் கட்டுகிறது. வெட்டிய துண்டுகளும் வீணாவதில்லை. அவற்றைப் பிரித்துத் தன் இழைக்கு எடுத்துக்கொள்கிறது.

குளுக்கோஸ் இல்லாவிட்டால் உண்மையிலேயே என்ன ஆகும்?

அதற்கு இயற்கையே ஒரு சோதனை வைத்தது. 1950களின் தொடக்கத்தில் சால்வடோர் லூரியாவிடம் ஒரு விசித்திரமான ஈ.கோலை வகை இருந்தது. டி2 அதைக் கொல்லும்; ஆனால் வெளியே வந்த ஃபேஜ்களைச் சாதாரண ஈ.கோலையில் விட்டால் ஒன்றும் வளராது. பிறவாத பிள்ளைகள்போல அவை காணாமல் போயின. ஒரு நாள் ஈ.கோலை வைத்திருந்த சோதனைக் குழாய் உடைந்துவிட்டதால், அவசரத்துக்கு சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவைக் கடன் வாங்கிப் பயன்படுத்தியதாக லூரியாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதில் ஃபேஜ்கள் ஓகோவென்று வளர்ந்தன. ஷிகெல்லாவில் ஒருமுறை வளர்ந்து வந்தவை மறுபடி ஈ.கோலையிலும் வளர்ந்தன!

விளக்கம் கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. அந்த விசித்திர ஈ.கோலையால், குளுக்கோஸைச் சுமந்துவந்து கொடுக்கும் யு.டி.பி-குளுக்கோஸ் என்ற மூலக்கூறைத் தயாரிக்க முடியாது. ஆகவே அங்கே பிறந்த ஃபேஜ்களின் கொக்கிகள் வெறுமையாக இருந்தன. சாதாரண ஈ.கோலையில் வெறுங்கொக்கியைக் கண்டு வெட்டும் கத்திரி இருந்தது; ஷிகெல்லாவில் இல்லை. மரபணு மாறவில்லை, போர்வை மட்டும்தான் மாறியிருக்கிறது. குழாய் உடையாமல் இருந்திருந்தால் லூரியா இன்னும் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாரோ.

பாக்டீரியா இதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லையா?

வல்லவனுக்கு வல்லவன் கதைதான். படிப்படியாகச் சொல்கிறேன். சாதாரணச் சைட்டோசினை வெட்டும் கத்திரிகளுக்கு எதிராக ஃபேஜ் கொக்கி மாட்டியது. கொக்கி மாட்டியதை வெட்டும் எம்.சி.ஆர் வகைக் கத்திரிகளை ஈ.கோலை வைத்திருக்கிறது; லூரியா கண்டது இவற்றின் வேலைதான். அதற்கு எதிராகக் குளுக்கோஸ். குளுக்கோஸ் மாட்டியதையும் வெட்டும் ஜி.எம்.ஆர் என்ற கத்திரி சில ஈ.கோலை வகைகளில் உண்டு. அதற்கும் டி4 விடை வைத்திருக்கிறது: ஒரு சிறு புரதத்தைத் தன் தலைக்குள்ளேயே சுமந்துவந்து, டி.என்.ஏவோடு சேர்த்து உள்ளே செலுத்தி, அந்தக் கத்திரியின் வாயை அடைத்துவிடுகிறது. ஹெர்ஷியின் சோதனையில் ஏதோ கொஞ்சம் கந்தகமும் உள்ளே போகத்தான் செய்தது. இதுபோன்ற உட்புரதங்களும் டி.என்.ஏவோடு போகின்றன என்று இன்று தெரியும்.

டி7 ஃபேஜின் வழி வேறு. அது சர்க்கரை எதுவும் பூசுவதில்லை. முதலில் உருவாக்கும் புரதங்களில் ஒன்று, பார்ப்பதற்கு டி.என்.ஏ துண்டு போலவே இருக்கும், மின்சுமைகூட அப்படியே. கத்திரி அந்தப் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உண்மையான டி.என்.ஏ தப்பிவிடுகிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைத் தாக்கும் சில பெரிய ஃபேஜ்களோ இன்னும் ஒரு படி மேல்: செல்லுக்குள் புரதத்தால் ஓர் அறை கட்டி, டி.என்.ஏவை அதற்குள் வைத்துப் பூட்டிக்கொள்கின்றன.

டி4 மட்டும்தான் இப்படியா?

இல்லை. நெல்லில் இலைக்கருகல் நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே பாக்டீரியாவைத் தாக்கும் எக்ஸ்.பி.12 என்ற ஃபேஜில், சைட்டோசினுக்குப் பதில் முழுக்க மெத்தில் சைட்டோசின். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸைத் தாக்கும் எஸ்.பி.ஓ.1 ஃபேஜில், தைமினுக்குப் பதில் ஹைட்ராக்சிமெத்தில் யுராசில்.

அதே பேசில்லஸைத் தாக்கும் பி.பி.எஸ்.1இல் தைமின் இடத்தில் வெறும் யுராசில். ஆர்.என்.ஏவில் மட்டுமே இருக்க வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்த அதே யுராசில்! இதில் ஒரு சிக்கல் உண்டு. சைட்டோசின் தானாகச் சிதைந்தால் யுராசிலாகிவிடும்; ஆகவே எந்தச் செல்லும் டி.என்.ஏவில் யுராசிலைக் கண்டால் பழுது என்று கருதிப் பிடுங்கிவிடும். அதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. பி.பி.எஸ். ஃபேஜ்கள் அந்த நொதியை இறுகப் பிடித்து முடக்கும் யு.ஜி.ஐ என்ற புரதத்தை முதலிலேயே தயாரித்துவிடுகின்றன. இன்று மரபணுவில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் திருத்தும் கருவிகளில், செய்த திருத்தத்தைச் செல் பழுதென்று நினைத்துத் திரும்ப மாற்றிவிடாமல் காப்பது இந்த யு.ஜி.ஐதான்.

எனக்கு மிகப் பிடித்தது எஸ்-2எல். நீலப்பச்சைப் பாசியைத் தாக்கும் ஃபேஜ். இதில் அடினினே இல்லை. அதன் இடத்தில் டைஅமினோபியூரின். 1977இல் சோவியத் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் எழுத்தின் முதுகில் அணிகலன் பூட்டுபவை. இது பிணைப்பையே மாற்றுகிறது: அடினினும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேரும், இங்கே மூன்று. அதனால் இழைகள் பிரிய அதிக வெப்பம் வேண்டும். இந்தக் காரத்தை உருவாக்கும் நொதிகளை 2021இல்தான் சீன, பிரெஞ்சு ஆய்வுக் குழுக்கள் தெளிவாக விளக்கின. எஸ்-2எல் தனி ஆள் அல்ல, அதற்கு உறவினர்கள் பலர் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவ்வளவு நீள டி.என்.ஏ அந்தச் சின்னத் தலைக்குள் எப்படி அடங்குகிறது?

டி4இன் டி.என்.ஏ 1,68,903 எழுத்திணைகள் கொண்டது. நீட்டினால் சுமார் 57 மைக்ரோமீட்டர். தலையின் உயரம் 120 நானோமீட்டர், அகலம் 86. எல்லாவற்றையும் பத்து லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். 12 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு செம்பு; அதற்குள் 2 மில்லிமீட்டர் தடிப்பில் 57 மீட்டர் கயிறு. அந்தக் கயிற்றின் உடல் முழுவதும் எதிர்மின்சுமை; அதாவது கயிறு தன்னைத் தானே தள்ளிக்கொண்டிருக்கிறது. மெக்னீசியம் அயனிகளும், பியூட்ரெசின் போன்ற நேர்மின்சுமை மூலக்கூறுகளும் நடுவில் புகுந்து சண்டையைக் கொஞ்சம் தணிக்கின்றன.

மீதியைச் செய்வது தலையின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு மோட்டார். செல்லின் எரிபொருளான ஏ.டி.பியை எரித்து டி.என்.ஏவை உள்ளே தள்ளும். ஃபை29 என்ற சிறிய ஃபேஜில் இதை 2001இல் அளந்தார்கள்: 57 பிகோநியூட்டன் வரை விசை. தலை நிரம்பும்போது உள்ளே அழுத்தம் சுமார் 60 வளிமண்டல அளவுக்கு ஏறிவிடும். அடுத்த பாக்டீரியாவில் வாய் திறந்ததும், உள்ளே அடைபட்ட டி.என்.ஏவை வெளியே தள்ளத் தொடங்குவதில் இந்த அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லா ஃபேஜும் இதையே நம்பியிருப்பதில்லை. டி7 தன் டி.என்.ஏவின் முனையை மட்டும் நுழைத்துவிட்டு, மீதியைச் செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ படியெடுக்கும் நொதி இழுத்துக்கொள்ளும்படி விட்டுவிடும்.

தலைக்குள் அடைக்கும்போது டி.என்.ஏவை எங்கே வெட்ட வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

பூக்காரம்மா சரத்தை முழம் போட்டு அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பூவில் அறுக்கிறோம் என்று பார்ப்பதில்லை. முழம் வந்தால் அறு. டி4 அப்படித்தான். செல்லுக்குள் பல பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சரம் இருக்கும். தலை நிறைந்ததும் வெட்டு. தலை கொள்ளும் அளவு ஒரு முழுப் பிரதியைவிடச் சுமார் 3 சதவீதம் அதிகம். அதனால் ஒவ்வொரு ஃபேஜிலும் தொடக்கத்தில் உள்ள மரபணுக்கள் முடிவிலும் ஒருமுறை வரும். ஒவ்வொரு ஃபேஜும் வேறு வேறு இடத்தில் தொடங்கும். நேர்கோட்டு டி.என்.ஏவாக இருந்தும் அதன் மரபணு வரைபடம் வட்டமாக வந்ததால் 1960களில் பலர் குழம்பினார்கள்.

லாம்டா ஃபேஜ் வேறு கட்சி. குறிப்பிட்ட முடிச்சில்தான் அறுக்கும். அதன் 48,502 எழுத்திணைகளின் இரு முனைகளிலும் 12 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். செல்லுக்குள் போனதும் இரு முனைகளும் ஒட்டி வட்டமாகிவிடும்.

ஒற்றை இழை டி.என்.ஏ உள்ள ஃபேஜும் உண்டா?

உண்டு. ஃபை எக்ஸ் 174. 1959இல் ராபர்ட் சின்ஷைமர் அதன் டி.என்.ஏவில் அடினினும் தைமினும் சமமாக இல்லை, குவானினும் சைட்டோசினும் சமமாக இல்லை என்று காட்டினார். ஜோடி இல்லாத இழையில் கணக்கு எப்படிச் சமமாகும்? செல்லுக்குள் நுழைந்தபின்தான் எதிர் இழை கட்டப்பட்டு இரட்டையாகிறது. முதன்முதலில் எழுத்து முழுவதும் வாசிக்கப்பட்ட டி.என்.ஏ மரபுத்தொகுதியும் இதுதான். 1977இல் ஃபிரெட் சாங்கர் குழு வாசித்தது. மொத்தம் 5,386 எழுத்துகள்.

வாசித்தபோது ஒரு வியப்பு. அதன் மரபணுக்கள் எல்லாவற்றுக்கும் அந்த நீளம் போதவில்லை. பார்த்தால், ஒரு மரபணுவுக்குள்ளேயே இன்னொன்று! டி.என்.ஏ மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படும். ஓர் எழுத்து தள்ளித் தொடங்கினால் வேறு புரதம் வரும். நம் புலவர்களின் பிரிமொழிச் சிலேடை இதுவேதான்: 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் மரப்பலகை, 'பல கை' என்று பிரித்தால் பல கைகள். காளமேகம் பார்த்திருந்தால் ஃபை எக்ஸின் மேல் ஒரு வெண்பா பாடியிருப்பார்.

எல்லா ஃபேஜிலும் டி.என்.ஏதானா?

இல்லை. எம்.எஸ்.2 போன்றவற்றில் ஆர்.என்.ஏ. 3,569 எழுத்துகள்தான். 1976இல் வால்டர் ஃபியர்ஸ் குழு அதை முழுமையாக வாசித்தது.

ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்லாமல் உள்ளேயே தங்குவதும் உண்டாமே?

லாம்டா அப்படி. வட்டமான அதன் டி.என்.ஏ, ஈ.கோலையின் டி.என்.ஏவில் கேலக்டோஸ் மரபணுக்களுக்கும் பயோட்டின் மரபணுக்களுக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தன்னைத் தைத்துக்கொள்ளும். ஓர் அடக்கு புரதம் மற்ற மரபணுக்களை வாய் திறக்கவிடாது. பாக்டீரியா பிரியும்போதெல்லாம் லாம்டாவும் சேர்ந்து படியெடுக்கப்படும். புற ஊதாக் கதிர் பட்டு பாக்டீரியாவின் டி.என்.ஏ சேதமானால் அடக்கு புரதம் அறுபடும். மூழ்கும் கப்பலை விட்டுத் தப்புவதுபோல் ஃபேஜ் விழித்துக்கொண்டு பெருகி வெளியேறும்.

தங்கும் விருந்தாளி சில சமயம் விஷத்தையும் கொண்டுவருகிறது. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு, கிருமியின் சொந்த மரபணுவில் இல்லை. ஃபேஜின் மரபணுவில் இருக்கிறது. காலராவும் அப்படியே. காலரா நச்சை 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் தே நிரூபித்தார். அந்த நச்சின் மரபணு ஒற்றை இழை டி.என்.ஏ உள்ள ஓர் இழைவடிவ ஃபேஜில் வருகிறது என்பது 1996இல் வெளிவந்தது. ஃபேஜ் ஏறாத காலராக் கிருமியால் அந்தக் கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்க முடியாது.

கிரிஸ்பருக்கும் ஃபேஜுக்கும் என்ன தொடர்பு?

கிரிஸ்பர் ஃபேஜுக்கு எதிராக பாக்டீரியா வைத்திருக்கும் குற்றவாளிப் பட்டியல். தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏவிலிருந்து சுமார் 30 எழுத்துத் துண்டை வெட்டித் தன் டி.என்.ஏவில் சேர்த்துவைக்கும், அதே வரிசை மறுபடி வந்தால் வெட்டும். இதை 2007இல் சோதனையில் காட்டியவர்கள் பால் பொருள் தொழிலுக்கு நுண்ணுயிர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். பாலைத் தயிராக உறைய வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸில்தான் செய்தார்கள். தொழிற்சாலையில் ஃபேஜ் புகுந்தால் தொட்டி தொட்டியாகப் பால் உறையாமல் போகும். அவர்கள் கவலை அதுதான்.

மனிதர்களைத் தாக்குமா?

தாக்காது. நம் செல்களில் அவை பற்றிக்கொள்ள வேண்டிய பிடிகள் இல்லை.

டி4 டி.என்.ஏவை வெட்ட முயன்றேன், ஒன்றும் நடக்கவில்லை. நொதி கெட்டுவிட்டதா?

நொதி நன்றாகத்தான் இருக்கும். மாணவனாக இருந்தபோது நானும் ஈகோ ஆர்1 என்ற வெட்டு நொதியைப் போட்டு இரவு முழுவதும் வைத்தேன். காலையில், துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், டி.என்.ஏ ஒரே கட்டியாக நின்றது. நொதியைக் குறை சொன்னேன், நீர்த் தொட்டியின் வெப்பநிலையைக் குறை சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த அக்கா, "சர்க்கரையைக் கத்தரிக்கோலால் வெட்டுவாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று அது புரியவில்லை. சர்க்கரையையும் மீறி வெட்டும் நொதிகள் சிலவே உண்டு. விற்பனையாளரின் பட்டியலில் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் மாறுதல் இல்லாத லாம்டா டி.என்.ஏவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்குத்தான் டி4 உதவாது. ஒட்டுவதற்கு அதை விட்டால் ஆளில்லை. துண்டுகளை ஒட்டும் டி4 லைகேஸ் இல்லாத மரபணு ஆய்வகம் கிடையாது. ஆர்.என்.ஏ தடுப்பூசி தயாரிப்பில் ஆர்.என்.ஏவை எழுதுவது டி7இன் நொதி.

மாறிய காரம் நம் உடலிலும் இருக்கிறதா?

இருக்கிறது. 2009இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. ஒன்று மூளையின் பர்கின்ஜி நரம்புச் செல்களில் ஹைட்ராக்சிமெத்தில் சைட்டோசினைக் கண்டது. அஞ்சனா ராவ் இடம்பெற்ற மற்றொன்று, அதை உருவாக்கும் டெட் என்ற நொதியைக் கண்டது. அந்த நொதியைத் தேட வழிகாட்டியது, தன் டி.என்.ஏவில் குளுக்கோஸ் மாட்டிக்கொள்ளும் டிரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி. செய்முறை மட்டும் வேறு: டி4 கொக்கியை முதலில் மாட்டிவிட்டு இழையைக் கட்டும், நாம் இழையைக் கட்டிவிட்டு, மெத்தில் ஏறிய சைட்டோசினைப் பிறகு மாற்றுகிறோம். நமக்கு இது தற்காப்பு அல்ல, எந்த மரபணு எப்போது பேச வேண்டும் என்ற ஏற்பாட்டின் ஒரு பகுதி.

மூளைத் திசுவில் இந்தக் காரம் எங்கெங்கே இருக்கிறது என்று தேட, ஆய்வாளர்கள் டி4இடமே கடன் வாங்கினார்கள். கொக்கியில் குளுக்கோஸை மாட்டும் அதன் பீட்டா நொதியை எடுத்து, சாதாரணக் குளுக்கோஸுக்குப் பதில் அடையாளமிட்ட குளுக்கோஸைக் கொடுத்தார்கள். நொதி வழக்கம்போல் கொக்கிகளைத் தேடிப்போய் மாட்டிவிட்டது. மாட்டிய இடங்களைப் பிடித்து வாசித்தால் போதும்.